பத்திரமே இல்லாத பூர்வீக வீட்டை விற்பது எப்படி

எங்கள் தாத்தா வீட்டுக்குப் பத்திரம் கிடையாது. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறு சென்ட் மனையில் ஓட்டு வீடு. தாத்தா பிறந்ததும் இறந்ததும் அங்கேதான். யாரும் யாரிடமிருந்தும் அதை வாங்கவில்லை, அதனால் யாரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. 2022 பொங்கலுக்குப் போனபோது மேற்கூரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. விற்றுவிடலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். மறு வாரமே வந்த தரகர், “தாய்ப் பத்திரம் எங்கே?” என்றார். சொத்து எங்களுக்கு எப்படி வந்தது என்று காட்டும் பழைய மூலப் பத்திரத்தைக் கேட்டார். இல்லை என்றதும் விலையைப் பாதியாக்கினார். ஒன்பது லட்சம் பெறுமான இடத்துக்கு ஐந்து லட்சத்துக்குக் குறைவாகச் சொன்னார். அதையும் கிரயமாக (விற்பனைப் பத்திரமாக) வேண்டாம், எங்கள் சார்பில் விற்கும் அதிகாரத்தைத் தரும் ‘பவர்’ பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்.

நான் பள்ளிக்கூடத்து ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், வழக்கறிஞர் இல்லை. ஆனால் அந்த வீட்டை நேர்மையான விலைக்கு, சட்டப்படி, பதிவு செய்த கிரயப் பத்திரத்தோடு விற்று முடிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அலைந்தேன். அந்த அலைச்சலில் பாதி, யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். இதில் இருப்பவை தமிழ்நாட்டு நடைமுறைகள்.

முதலில் பவர் விஷயம். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பது விற்பனை ஆகாது. உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் அவரோடு முடிந்துவிடும். வாங்குகிறவருக்கு உரிமை போகாது, உங்களுக்கோ பொறுப்பு நீங்காது. உங்கள் பெயரில் இன்னொருவர் எத்தனை பேரிடம் முன்பணம் வாங்கினாலும் கடைசியில் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான். பத்திரம் இல்லாத இடத்துக்கு இதுதான் சுலபமான வழி என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான்: நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த ஆவணத்தின் மூலமாகத்தான் விற்க முடியும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. ஆனால் நீங்கள் விற்கும்போது பதிவு வேண்டும் என்பதற்கும், உங்களுக்கு அந்தச் சொத்து வந்த விதமும் பதிவாகியிருக்க வேண்டும் என்பதற்கும் வேறுபாடு உண்டு. வாரிசாக வந்த சொத்துக்குப் பத்திரம் கட்டாயமில்லை. தந்தை இறந்த நொடியில் பிள்ளைகளுக்கு உரிமை வந்துவிடுகிறது. அதை நிரூபிப்பதுதான் நம் வேலை. பத்திரம் இல்லை என்றால் உரிமையே இல்லை என்று நினைத்து நானும் ஒரு மாதம் தூங்காமல் இருந்தேன். அந்தப் பயம் வேண்டாம்.

அடுத்ததாக, அந்த இடம் விற்கக்கூடியதுதானா என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் நிலத்தின் வகை எழுதியிருக்கும். புறம்போக்கு என்றால் எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் விற்க முடியாது. பஞ்சமி நிலம், பூமிதான நிலம், கோயில் நிலம், வக்பு நிலம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சட்டங்களும் தடைகளும் உண்டு. அரசு இலவசமாக ஒப்படைத்த வீட்டுமனைப் பட்டா என்றால், அந்த ஒப்படை ஆணையின் நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். நம்மில் பலர் பட்டாவின் முன்பக்கத்தை மட்டும் பார்க்கிறோம். நிபந்தனைகள் பின்பக்கத்தில் இருக்கும்.

எங்களுடையது கிராம நத்தம். நத்தம் என்றால் ஊர் மக்கள் குடியிருக்க ஒதுக்கிய இடம். அதில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்கே உரிமை, அது அரசின் நிலம் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை தீர்ப்பளித்திருக்கிறது. எங்கள் பகுதி முன்பு ஜமீன் நிலம். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய காலத்தில் அங்கே குடியானவன் வீட்டுக்குப் பத்திரம் இருந்தால்தான் அதிசயம். இந்தப் பின்னணியை வாங்குகிறவருக்கு உட்கார்ந்து விளக்குங்கள். பத்திரம் தொலைந்துபோனதற்கும், பத்திரமே பிறக்காததற்கும் உள்ள வேறுபாடு புரிந்தால் அவருடைய சந்தேகம் பாதி அடங்கும்.

காகிதம் தேடும் படலம்

ஒரு பெரிய உறையை எடுத்து, அந்த இடத்தின் மேல் உங்கள் குடும்பத்தின் பெயர் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதோ அதையெல்லாம் சேருங்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பழைய குடும்ப அட்டை, நத்தம் பட்டா, கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன் ஆவணம் எல்லாமே உதவும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் உரிமைப் பத்திரம் இல்லை. அறுபது வருட ரசீதுகள் ஒரே திசையைக் காட்டும்போது அவற்றைத் தள்ளிவிடுவது யாருக்கும் கடினம்.

ஒரு சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் எடுக்கலாம். எங்களுக்கு அதில் ஒன்றுமே இல்லை. ‘பதிவு ஏதுமில்லை’ என்ற அந்தச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அந்தக் காலத்தில் வேறு யாரும் இந்த இடத்தைப் பதிவு செய்து விற்கவோ அடமானம் வைக்கவோ இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. 1975க்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கைமுறையாகத் தேடச் சொல்ல வேண்டும். சர்வே எண்ணை மட்டும் கொடுத்துத் தேடாதீர்கள். அந்தக் காலத்து ஆவணங்களில் நத்தத்துக்குச் சர்வே எண் எழுதாமல் நான்கு எல்லையை மட்டும் எழுதியிருப்பார்கள். தாத்தா பெயர், அவருடைய தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர் மூன்றையும் கொடுங்கள். எல்லைகளும் மாறியிருக்கும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். அதற்கு முன் எல்லாம் இராமநாதபுரம் ஜில்லா. இன்று உங்கள் ஊர் எந்தச் சார்பதிவகத்தில் இருக்கிறதோ, ஐம்பது வருடங்களுக்கு முன் அங்கேதான் இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

வருவாய்த் துறைப் பதிவேடுகள் கேட்டும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுச் செய்யுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நில அளவைப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பட்டியலை நான் இப்படித்தான் வாங்கினேன்.

பட்டா யார் பெயரில்?

எங்களுக்குக் கிடைத்த பெரிய சிக்கல் இங்கேதான். 1990களில் நத்தம் நிலவரித் திட்டத்தில் அளந்தபோது வீட்டில் இருந்தவர் பெரியப்பா. பட்டாவில் அவர் பெயரை மட்டும் எழுதிவிட்டார்கள். தாத்தாவுக்குப் பிள்ளைகள் நான்கு பேர்: பெரியப்பா, அப்பா, இரண்டு அத்தைகள். பட்டாவில் மற்ற மூவரும் இல்லை.

பெரியப்பாவின் மகன், எங்கள் அண்ணன், “பட்டா அப்பா பெயரில்தானே இருக்கிறது, தங்கச்சி. நாங்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் போதாதா?” என்று கேட்டார். பேராசையில் கேட்கவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பட்டா என்பது வருவாய்க் கணக்குக்கான பதிவு. அது உரிமையைச் சுட்டிக்காட்டும், உண்டாக்காது. பெரியப்பா பெயரில் பட்டா வந்ததால் மற்ற மூவரின் பங்கு மறைந்துவிடாது. அண்ணனிடம் நான் வாதாடவில்லை. தாத்தா பெயரில் இருந்த 1959ஆம் வருடத்து வீட்டு வரி ரசீதை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “சரி, எல்லோர் பெயரையும் சேர்த்துவிடுவோம்” என்றார்.

இந்தப் பேச்சு வழக்கறிஞர் அறிவிப்பாகப் போகாமல், திண்ணையில் உட்கார்ந்து நடக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அறிவிப்பு போன வீட்டில் கையெழுத்து வாங்குவதற்கு உரிமையியல் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நிற்க வேண்டியிருக்கும்.

பட்டா மாற்றத்துக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தேவை. தாத்தா இறந்தது 1968இல். அந்த இறப்பைப் பதிவே செய்யவில்லை. ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்கு ஆணை பெற வேண்டும். எங்களுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அது கிடைக்க ஏழு மாதங்கள் ஆயின. ஊரில் இரண்டு பெரியவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். ஒருவருக்கு வயது எண்பத்தெட்டு. அவர் வந்து போன ஐந்தாவது மாதத்தில் காலமானார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

வாரிசுச் சான்று வட்டாட்சியரிடம் வாங்க வேண்டும். ஒரே ஒரு சான்று போதாது. தாத்தாவுக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, பெரிய அத்தைக்கு ஒன்று என்று இறந்தவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். ஒரு பெரிய தாளில் குடும்ப மரத்தை வரைந்துகொண்டு போங்கள். நான் வரைந்த தாளைக் கிராம நிர்வாக அலுவலர் வாங்கிப் பார்த்து, இதையே மனுவோடு இணைத்துவிடுங்கள் என்றார். கடைசியில் பதினொரு பேர் வாரிசுகள்: பெரியப்பாவின் பிள்ளைகள் மூவர், எங்கள் அம்மா, நான், தம்பி, பெரிய அத்தையின் பிள்ளைகள் நால்வர், சின்ன அத்தை.

பெயரிலும் இன்ஷியலிலும் வரும் பிழைகளை அப்போதே சரிசெய்யுங்கள். அப்பா பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் மின் அட்டையில் வேறு மாதிரியும் இருந்தது. பதிவு நாளன்று இது கிளம்பினால் அன்றைய பதிவு போய்விடும்.

அத்தைகளின் கையெழுத்து

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். “அத்தைகளுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே, அவர்களை எதற்கு இழுக்கிறாய்?” என்று எங்கள் வீட்டிலேயே மூன்று பேர் கேட்டார்கள். தரகரும் அதையே சொன்னார். ஒரு பத்திர எழுத்தர், வாரிசுச் சான்றில் பெண்கள் பெயரை விட்டுவிட்டு எழுதலாம் என்று யோசனை சொன்னார். அது யோசனையே இல்லை, குற்றம்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளும் முதல் வகுப்பு வாரிசு. தமிழ்நாடு 1989இல் திருத்தம் செய்து, அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அந்த உரிமைக்குத் தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சொத்து தாத்தாவின் சுயார்ஜிதமா (தானே சம்பாதித்ததா), பிதுரார்ஜிதமா (முன்னோர் வழி வந்ததா) என்பதைப் பொறுத்துப் பங்கின் அளவு மாறலாம். அந்தக் கணக்கை வழக்கறிஞரிடம் போடுங்கள். எங்களுடையதைப் போலத் தாத்தா 1956க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்த குடும்பத்தில், மகள்களுக்குப் பங்கே இல்லை என்ற விடை மட்டும் வராது. நாங்கள் நான்கு கிளைக்கும் சமமாகக் கால் பங்கு என்று பேசி முடித்தோம்.

பத்திரம் இல்லாத சொத்தை வாங்குகிறவர் நம்பி வாங்குவது இந்தக் கையெழுத்துகளைத்தான். ஒரு மகளை விட்டால், இருபது வருடம் கழித்து அவள் பேரன் வழக்குப் போடுவான். அந்த வழக்கில் முதல் எதிரியாக நிற்பது வாங்கியவர், இரண்டாவது நாம். அதைவிட, அது அத்தையின் வீடும்தான். அவர் பிறந்ததும் அந்த வீட்டில்தானே.

சின்ன அத்தைக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. பரமக்குடியில் மகன் வீட்டில் இருந்தார். நானும் தம்பியும் போய் விவரத்தைச் சொன்னோம். கேட்டுக்கொண்டே எழுந்து உள்ளே போனவர் ஒரு தகரப் பெட்டியை இழுத்து வந்தார். பாட்டி கடைசிக் காலத்தில் அத்தையோடுதான் இருந்தார். 1981இல் பாட்டி இறந்தபின் அந்தப் பெட்டியை யாரும் கேட்கவில்லை. கல்யாணப் புடவைக்கு அடியில், துணியில் சுற்றி, நான்காக மடித்த முத்திரைத்தாள். மடிப்பு ஓரங்கள் பழுப்பேறி, விரித்தால் உதிர்ந்துவிடும் போல் இருந்தது. 1957ஆம் வருடம் தாத்தா அந்த வீட்டை அடமானம் வைத்து எழுதிய, பதிவு செய்த கடன் பத்திரம். ‘எனக்குப் பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு என் சர்வ சுதந்திர அனுபோகத்தில் இருந்துவரும்’ என்று தொடங்கி, கிழக்கே இன்னார் வீடு, தெற்கே தெரு என்று நான்கு எல்லையும் எழுதியிருந்தது. பின்பக்கம் 1961இல் அசலும் வட்டியும் பைசல் என்று கடன் கொடுத்தவர் கையெழுத்து. கீழே தாத்தாவின் கையெழுத்து. “என் கல்யாணக் கடன்தான் அது” என்றார் அத்தை.

நாங்கள் எட்டு மாதமாகத் தேடிய காகிதம் அது. அதிலிருந்த ஆவண எண்ணையும் வருடத்தையும் கொண்டு சார்பதிவகத்தில் சான்றிட்ட நகல் எடுத்தோம். அடமானப் பத்திரம் உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் அறுபது வருடங்களுக்கு முன்பே தாத்தா அந்த வீட்டைத் தன்னுடையதாகச் சொல்லி அதன்மேல் கடன் வாங்கினார், அரசாங்கப் புத்தகத்தில் அது ஏறியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் பழமையான, உரிய இடத்திலிருந்து வரும் ஆவணத்தை நீதிமன்றம் உண்மையானது என்று ஊகித்துக்கொள்ளவும் சாட்சியச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்கள் வீட்டிலும் கிரயப் பத்திரம் இல்லாவிட்டால் கடன் வாங்கிய பத்திரத்தைத் தேடுங்கள். தேடும்போது பெண்களின் பெட்டிகளில் தேடுங்கள்.

எந்தப் பத்திரம் எழுதுவது?

இரண்டு வழி இருக்கிறது. மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை ஒருவருக்கு எழுதிக் கொடுத்து, அவர் ஒருவராக விற்பது ஒன்று. குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலை, பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட் பத்திரங்களுக்குச் சலுகை உண்டு. முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் உயர்த்தினார்கள். ஆனால் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை இருக்கிறது. அண்ணன் தம்பிக்கு உள்ள சலுகை பெரியப்பா மகனுக்குப் பொருந்துமா என்று எழுதுவதற்கு முன்பே சார்பதிவாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எல்லா வாரிசுகளும் விற்பவர்களாக ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது. நாங்கள் இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். செலவு குறைவு, வாங்குகிறவருக்கும் வாரிசுகளை நேரில் பார்த்த நிம்மதி. பணமும் அவரவர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போனதால் யார் கையிலும் மற்றவர் பணம் தங்கவில்லை.

பெரிய அத்தையின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் தம் தம்பிக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினார். வெளிநாட்டில் எழுதிய அந்த ஆவணம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நான் முன்பு திட்டிய பவர் வேறு, இது வேறு. வாரிசு வர முடியாத இடத்தில், சொந்தத் தம்பிக்கு, இந்த ஒரு கையெழுத்துக்காக மட்டும் கொடுத்தது இது.

வாரிசுகளில் பதினெட்டு வயது நிறையாத பிள்ளை இருந்தால் நின்று யோசியுங்கள். தாய் தந்தையர் இயற்கைப் பாதுகாவலர்கள்தான். ஆனாலும் பிள்ளைக்குச் சேர்ந்த அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளை பெரியவனானதும் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம்.

பழைய கூர்சீட்டு (பங்கு பிரித்ததை எழுதிய சீட்டு) இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு சொல். ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை நினைவுக்காக எழுதி வைத்த சீட்டுக்குப் பதிவு தேவையில்லை. சீட்டின் மூலமாகவே பிரிவினை நடந்தது என்றால் பதிவு செய்யாத அந்தச் சீட்டு நிற்காது. இரண்டுக்கும் வேறுபாடு ஒரு வினைச்சொல்லில் இருக்கும்: ‘பிரித்துக்கொண்டோம்’ என்று இருக்கிறதா, ‘பிரித்துக்கொள்கிறோம்’ என்று இருக்கிறதா? இருக்கும் சீட்டை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நம்பி விற்பதற்கு முன், எல்லோரும் சேர்ந்து பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று எழுதிவிடுவது நல்லது.

வெள்ளைத்தாளில் வாங்கிய நிலம்

வீட்டோடு ஒரு புஞ்சையும் இருந்தது, முப்பது சென்ட். 1974இல் அப்பா வெள்ளைத்தாளில் கைச்சீட்டு எழுதி 900 ரூபாய்க்கு வாங்கியது. இது வேறு வகைச் சிக்கல். ஆவணத்தை எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம். அதற்கு மேல் அதைப் பதிவு செய்ய வழியில்லை. ஆகவே ஐம்பது வருடச் சீட்டை எந்தச் சார்பதிவாளரும் பதிய மாட்டார். அந்தச் சீட்டை வைத்து நம்மை வெளியேற்றாமல் தடுக்கலாமே தவிர, விற்க முடியாது.

செய்யக்கூடியது ஒன்றுதான். விற்றவரின் வாரிசுகளைத் தேடிப் போய்ப் புதிதாகக் கிரயப் பத்திரம் எழுதி வாங்க வேண்டும். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டா அப்பா பெயருக்கு வந்திருந்ததால் அவர்களும் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும் பணம் கேட்டார். பேசி 40,000 ரூபாய் கொடுத்தோம். அது கசப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் வழக்கைவிட மலிவு. முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம் நாங்களே கட்டினோம். 1974இன் 900 ரூபாய்க்கு அல்ல, இன்றைய வழிகாட்டி மதிப்புக்குக் கட்ட வேண்டும் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள்.

விற்றவரின் வாரிசுகள் கிடைக்கவில்லை, அல்லது கையெழுத்துப் போட மறுக்கிறார்கள் என்றால் உரிமை விளம்புகை கோரி, அதாவது உரிமை நம்முடையது என்று நீதிமன்றம் அறிவிக்கும்படி கேட்டு, வழக்குப் போடுவது ஒன்றே மிச்சம். தனியார் நிலத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உரிமையாளருக்குத் தெரிந்தே, அவருக்கு எதிராக, இடைவிடாமல் அனுபவித்திருந்தால் எதிரிடை அனுபோகம் என்று கேட்கலாம். அதை வைத்தே வாதியாக வழக்குப் போடலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசு நிலத்துக்கு முப்பது ஆண்டுகள். கூட்டு வாரிசுகளுக்குள் இந்த வாதம் எளிதில் எடுபடாது. அண்ணன் வீட்டில் குடியிருந்ததால் மட்டும் தங்கையின் பங்கு போகாது.

அளந்துவிட்டு எழுதுங்கள்

பட்டாவில் 243 சதுர மீட்டர், அதாவது ஆறு சென்ட். நில அளவையருக்கு மனுக் கொடுத்து அளந்தபோது பின்பக்கம் ஒன்பது சதுர மீட்டர் பக்கத்து வீட்டுச் சுவருக்குள் போயிருந்தது. இருப்பதை மட்டும் எழுதினோம். காகிதத்தில் ஆறு சென்ட் எழுதி, கையில் குறைவாகக் கொடுத்திருந்தால் அந்தக் குறைக்கு நாங்களே பொறுப்பாகியிருப்போம்.

சொத்து வந்த விதத்தையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள்: மூலப்பத்திரம் இல்லை, இன்ன தாத்தாவின் அனுபோகம், இன்ன ஆண்டு அடமான ஆவணம், இன்ன பட்டா, இவர்கள் வாரிசுகள். எங்கள் பத்திரத்தில் இது மட்டும் ஒன்றரைப் பக்கம். ‘எந்த வில்லங்கம் வந்தாலும் எங்கள் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவோம்’ என்ற வழக்கமான வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது உங்கள் பிள்ளைகள் வரை தொடரலாம். உங்களுக்குத் தெரிந்ததற்கு மட்டும் உறுதி கொடுங்கள்.

விற்பதற்கு முன் வழக்கறிஞர் மூலமாக நாளிதழில் பொது அறிவிப்பு கொடுத்துப் பதினைந்து நாள் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. அந்த நாளிதழ் பக்கத்தையும் உறையில் சேர்த்தோம். முன்பணம் வாங்கும் முன் கிரய ஒப்பந்தம் எழுதினால் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதையும் பதிவு செய்ய வேண்டும். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்காதீர்கள், வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. 2001க்கு முன்பே குடும்பத்திடம் இருந்த சொத்துக்கு, 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பை அடக்க விலையாகக் கொண்டு மூலதன ஆதாய வரியைக் கணக்கிடலாம். ஒரு தணிக்கையாளரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள்.

சார்பதிவகத்தில் என்ன கேட்பார்கள்? நாங்கள் பதிந்த 2024இல் பதிவு விதி 55-அ நடைமுறையில் இருந்தது. முந்தைய மூல ஆவணம் இல்லாமல் பதிய மாட்டார்கள். ஆனால் ஆவணமே இல்லாத பூர்வீகச் சொத்துக்குப் பட்டா, வரி ரசீது போன்ற வருவாய் ஆவணத்தைக் காட்டலாம் என்று அந்த விதியிலேயே வழி இருந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், உரிமையை விசாரிப்பது பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்று சொல்லி அந்த விதியைச் செல்லாதென்றது. அதே மாதம் சட்டமன்றம் அதே நிபந்தனையைச் சட்டத்திலேயே சேர்க்க மசோதா நிறைவேற்றியது. நீங்கள் போகும் நாளில் எது நடப்பில் இருந்தாலும் எல்லா வாரிசுகள் பெயரும் உள்ள கூட்டுப் பட்டாவும் வரி ரசீதும் கையில் இருந்தால் திரும்பி வர நேராது. பதிவு நடந்துவிட்டதாலேயே உரிமை சுத்தமாகிவிடாது என்பதை வாங்குகிறவரும் அறிந்திருக்க வேண்டும். சுத்தம் செய்தது அதற்கு முந்தைய இரண்டு ஆண்டு வேலை.

ஒன்பது லட்சத்துக்கே விற்றோம். வாங்கியவர் அதே ஊர்க்காரர், இளைஞர். பதிவு நாளன்று பத்துப் பேர் நேரில் வந்தார்கள், சிங்கப்பூர் அத்தானுக்காக அவர் தம்பி இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். அத்தைக்குக் கைரேகை கருவியில் பதியவில்லை. விரலைத் துடைத்துத் துடைத்து நான்காவது முறையில்தான் பதிந்தது. முதியவர்கள் இருந்தால் காலை முதல் டோக்கன் வாங்குங்கள்.

உறையிலிருந்த காகிதங்களைப் பட்டியல் போட்டு, இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு, வாங்கியவரிடம் ஒப்படைத்தோம். எல்லாவற்றுக்கும் நகல் எங்களிடம் இருக்கிறது. 1957 பத்திரத்துக்கு மட்டும் சார்பதிவகத்தின் சான்றிட்ட நகலைக் கொடுத்தோம், அவரும் அது போதும் என்றார். தாத்தா கையெழுத்துள்ள அந்த மூலத்தை அத்தை மறுபடியும் துணியில் சுற்றிக்கொண்டார்.